ஆற்றங்கரையில்தான் கட்டணும் என்ற அண்ணனுக்கு

என் ஆசை அண்ணே,

சுகமா இருக்கீங்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். போன இடத்தில் ஆறு இருக்கிறதா? இருந்தால் உங்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. தூண்டிலில் பூச்சியை எப்போது கட்ட வேண்டும் என்று இந்நேரம் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே எல்லாரும் சுகம். நோர்வூட்டுப் பக்கம் அணைக்குக் கல் இறங்கியதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். இப்போது வந்து பாருங்கள், தண்ணீர் ஏறி, நீங்கள் லாரி ஓட்டிய பழைய ரோட்டில் பாதியைக் காணோம். மீன்குஞ்சு விட்டிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையானால் கரை முழுக்கத் தூண்டில்தான். அதில் ஒரு தூண்டில் என்னுடையது. ஆமாம் அண்ணே, என்னுடையதேதான்! "பொட்டப்புள்ளைக்கு ஆத்துல என்ன வேல?" என்று ஒரு நாளும் என்னைக் கூட்டிப் போகாதவர்தானே நீங்கள்? போன மாதம் நான் பிடித்த மீனை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயங்களில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேல் லயத்துக்கும் போயிருக்கலாமே என்றும் இருந்தது.

ஆனால் இந்தக் கடிதம் அதைச் சொல்ல எழுதியதல்ல. உங்களோடு சண்டை போட எழுதுகிறேன். என்னை இத்தனை வருஷமாக நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள் அண்ணே.

போன சனிக்கிழமை சாயங்காலம் இவர் வழக்கம்போல விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளில் சேவல் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி செய்த பூச்சிகளை எடுத்து, துண்டு துண்டாக வெட்டிய தங்கூசி நரம்பில் ஒவ்வொன்றாகக் கட்டி, எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கி, அட்டையில் சுற்றி வைத்தார். மறுநாள் போகிற இடத்துக்கு முதல் நாளே எல்லாம் தயார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எங்கண்ணன் இருந்திருந்தா இந்த அட்டையத் தூக்கி அடுப்புல போட்டிருக்கும். தண்ணி மொகத்தப் பாக்காம பூச்சி கட்டலாமா? நாளைக்குத் தண்ணி கலங்கலா இருக்குமா, தெளிவா இருக்குமா, அதுல என்ன பறக்கும்னு இந்த அடுப்படியில ஒக்காந்துகிட்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நீங்கள் சொல்கிற மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சொன்னேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "சரசு, இனிமே என்னால வச்சிக்கிட்டு இருக்க முடியாது" என்று சொல்லி, அந்தப் பட்டிப்பொலக் கதையை எடுத்துவிட்டார்.

அந்த நாள் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா அண்ணே? நீங்கள் கேட்டதே இல்லை. அப்பா போனபோது நான் கைக்குழந்தை. தூக்கி வளர்த்தது நீங்கள். அதனால் என்னைக் கேட்டு வருகிறவனுக்குச் சரி சொல்வதும் தட்டிவிடுவதும் உங்கள் கையில். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி, வந்தவனை ரயிலேற்றிப் பட்டிப்பொலவுக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போவது. தோட்டத்துத் துரையை ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் நீங்களே பாதித் துரையாகிவிட்டீர்கள். மீன் பிடிக்க அவர் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு வேறு சட்டைப்பையில். கேட்பானேன்!

முதலில் வந்த தேயிலை ஸ்டோர்காரரைத் தட்டிவிட்டீர்கள். "வீட்லயே பூச்சி கட்டிட்டு வந்துட்டான். அவசரக்காரன்." அடுத்து வந்தவர் ஆற்றங்கரையில்தான் கட்டினார். அவரும் ஆகவில்லை. "வாயாடி. கையில கட்டுறப்பவே ஊர்க்கதையெல்லாம் பேசுறான்." அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்குறியா, இல்ல மீனுக்கா?" என்று கேட்டாள். நீங்கள் லாரியைத் துடைக்கப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வேலை. நான் பிள்ளைமடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்க இவர் வருவார். வந்தால் பாட்டில் ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம், துடைக்கிற துணி ஒரு பக்கம் என்று வைத்துவிட்டுத்தான் முதல் பிள்ளையைக் கூப்பிடுவார். வாயைத் திறக்காத பிள்ளைகூட அவருக்குத் திறக்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது அண்ணே. இப்போது சொல்ல என்ன வெட்கம்? ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

"ஒங்க அண்ணங்கிட்ட வந்து கேக்கட்டுமா?" என்றார் ஒரு நாள்.

"கேளுங்க. ஆனா ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு. தயவுசெஞ்சி பூச்சிய அங்க போயிக் கட்டுங்க. வீட்ல கட்டிட்டுப் போயிராதீங்க" என்று கெஞ்சினேன்.

மனுசன் அசையவில்லை. "நோயாளி வந்தப்பறமா நான் ஊசியக் கொதிக்க வைக்கிறேன்? முன்னாடியே எல்லாம் செஞ்சி வச்சாத்தான் எனக்குக் கை ஓடும். ஒரு நாளைக்கு வேஷம் போட்டு ஒங்களக் கட்டிக்கிட்டா, அப்பறம் காலம் பூரா போடணும்" என்றார். அன்றைக்கு முழுக்க அழுதேன். பிள்ளைகளெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சேர்ந்து அழுதன.

நீங்கள் இரண்டு பேரும் போன ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? உங்கள் பேச்சை மீறிப் போகிறவளும் நான் இல்லை, இவரை மறந்துவிட்டு இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்டுகிறவளும் இல்லை. சாயங்காலம் நீங்கள் இவரோடு மேட்டில் ஏறி வந்தீர்கள். உங்கள் கம்பளியில் ஓட்டை. கட்டைவிரலில் கட்டு. முகம் கல் மாதிரி. எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"மாப்ளைக்கு வெந்நி போடும்மா. ஆத்துல நின்னு வெறச்சிப் போயிருக்காரு" என்றீர்கள்.

மாப்ளைக்கு! நான் தண்ணீர் எடுக்க ஓடினேன், பானையை மறந்துவிட்டு ஓடினேன். பூச்சியை வீட்டில் கட்டிக்கொண்டு போனவரை எப்படி அண்ணன் ஏற்றுக்கொண்டார் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். உங்களைக் கேட்டால், "மீன் கடிச்சிச்சி, அவ்ளோதான்." இவரைக் கேட்டால் அதே பதில், அதே சொல். கிளிப்பிள்ளை இரண்டு வளர்த்தேன்.

இப்போது தெரிந்துவிட்டது. ரயில் நானுஓயா தாண்டி ஒரு வளைவில் குலுங்கியதாம். இவர் தூண்டில் கம்பின் தக்கைப் பிடியில் குத்தி வைத்திருந்த முள் கழன்று வந்து நீங்கள் போர்த்தியிருந்த கம்பளி ஓரத்தில் ஏறிக்கொண்டதாம். "இதுக்குத்தான்யா வீட்ல கட்டாதன்னு ஊருக்கே சொல்றேன்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்ததாம். மரக்கறிக் கூடையோடு இருந்த ஒரு சிங்கள அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாராம். இவர் எடுத்துவிட வந்தால், "நானே எடுப்பேன்" என்று தட்டிவிட்டீர்கள். எடுத்தீர்களா? கம்பளியைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, கடைசியில் தடவிப் பார்த்துக் கட்டைவிரலில் குத்திக்கொண்டீர்கள்.

இவர் அப்போதே கண்டுகொண்டாராம். கொட்டகையில் மருந்துப் பாட்டிலைக் கையை நீட்டி வைத்துப் படிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அல்லவா? ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இவர் தங்கூசியை அறுக்கிறேன் என்று சொல்ல, நல்ல பூச்சி வீணாகிவிடும் என்று நீங்கள் விடவில்லை. அப்படியே ஸ்டேஷனில் இறங்கி, நீங்கள் முன்னால், உங்கள் கம்பளியோடு மாட்டிக்கொண்ட கம்பைப் பிடித்துக்கொண்டு இவர் பின்னால். வண்டிமாட்டை ஓட்டிப்போகிற மாதிரி ஆறு வரைக்கும் நடந்தீர்களாமே! இதைச் சொல்லும்போது இவர் பாயில் விழுந்து புரண்டார். நானும்தான்.

கரைக்குப் போய், பையிலிருந்த சாமணத்தால் இவர் முள்ளைக் கவ்வி எடுத்துவிட்டார். நீங்கள் இவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று உங்கள் பூச்சியைக் கட்ட ஆரம்பித்தீர்கள். தண்ணீரில் மீன் எழும்புகிறது, நீங்கள் திரும்பவில்லை. பனி இறங்குகிறது, அப்போதும் திரும்பவில்லை. இவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டி, "குடுங்கண்ணே" என்றாராம். நீங்கள் கொடுத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"கண்ணு போகுது தம்பி. ரோடு தெரியுது, ரோட்டுல கடக்குற நாய் தெரியுது. கையில இருக்கறது மட்டும் தெரியல. அதான் வீட்ல கட்டுறதில்ல. வெளக்கு வெளிச்சத்துல முள்ளுக் காதே எனக்குத் தெரியாது."

அடப்பாவி அண்ணே! தண்ணீரின் முகம், வெயிலுக்குச் சின்னப் பூச்சி, கலங்கலுக்குக் கறுப்புப் பூச்சி, அத்தனையும் இதற்குத்தானா? துரைக்குக்கூட அந்தப் பாடத்தை நடத்தினீர்களே, அவர் தலையாட்டியதாகச் சொல்வீர்களே!

"கண்ணு போகலண்ணே, வயசு வருது. எங்க மருந்தய்யாவே கண்ணாடி இல்லாம ஒரு சீட்டும் படிக்க மாட்டாரு" என்று இவர் சிரித்தாராம். கண் போகிறது என்றபோது வராத கோபம், வயசு என்றதும் உங்களுக்கு வந்துவிட்டதாம். பிறகு இவர் ஹட்டனில் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும், அதை நீங்கள் லாரி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து ஆற்றங்கரையில் மட்டும் போட்டுக்கொண்டதும், போட்டுக்கொண்டே 'இங்கதான்யா கட்டணும்' என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்ததும் எல்லாம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சரி, இதை ஏன் எங்கிட்ட இவ்ளோ நாளா மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அன்றைக்குப் பாறையை விட்டு எழும்புவதற்கு முன்னால் நீங்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டீர்களாம். "நீங்க சொல்றது நெசமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. நான் இருக்கற வரைக்கும் சரசுகிட்ட மூச்சு விடாதீங்க. அண்ணனுக்குக் கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த அவ காதுல விழுந்தா போதும், கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எங்கூடவே ஒக்காந்துருவா. அவள எனக்குத் தெரியும். கூட்டிட்டுப் போயிருங்க மாப்ள."

அண்ணே, அழுதேன். இவர் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். கண் போகிறது என்று நினைத்துக்கொண்டு எத்தனை நாள் தனியாக இருந்தீர்கள்? ஒவ்வொருத்தனாக ஆற்றுக்குக் கூட்டிப்போய் எதைத் தேடினீர்கள்? பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொள்கிற ஒருவனையா?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். தெரிந்திருந்தால் நான் இருந்திருப்பேன். இவரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு முள்ளில் தங்கூசி கோத்துக்கொண்டு அந்த லயத்திலேயே இருந்திருப்பேன். அதை நீங்கள் சரியாகக் கண்டுபிடித்ததில்தான் எனக்குக் கோபம். என் பிள்ளைகள் இதோ பக்கத்தில் தூங்காமல் கூத்தடிக்கின்றன. இவர் அதட்டுவது போல அதட்டிவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார். இதெல்லாம் எனக்கு இருந்திருக்காது.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்களை நினைத்து அழுகிற நாளிலும் கடைசியில் சிரித்துவிட்டுத்தான் எழும்புவேன். இந்த வீட்டில் சந்தோஷமாக இருப்பேன் அண்ணே. அதற்காகத்தானே அனுப்பினீர்கள்.

இப்படிக்கு,
கூடவே இருந்துவிடுவாள் என்று பயந்து நீங்கள் துரத்திவிட்ட தங்கச்சி,
சரசு