முதலைக் குழிக்கு அந்தப் பக்கம்

ஜூலை 4, வெள்ளி

தூறல். துவைத்த சட்டை ஒன்றும் காயவில்லை. லிங்கராஜபுரம் முழுக்க ஈரத் துணி வாடை.

மாலையில் அக்கா மகள் ஷெரின் லேப்டாப்போடு வந்தாள். என் சிறுவயது எதிரியை எங்கிருந்தோ தோண்டி எடுத்திருக்கிறாள். அதே கேம்! கறுப்பு, வெள்ளை, ஒரு பச்சை. வேறு நிறமே கிடையாது. தீக்குச்சி மனிதன் ஓடுவான். குழிக்குள் முதலை வாய் திறக்கும், மூடும். நிலவில் நடந்தவர்கள் உண்டு. அந்தக் குழியைத் தாண்டியவர் பூமியில் இல்லை.

"நீங்க தாண்டினீங்களா மாமா?"

"நான் தாண்டலன்னுதான் அந்த முதலை இன்னும் உயிரோட இருக்கு."

"சும்மனே பில்டப். ஞாயித்துக்கிழமைக்குள்ள தாண்டுங்க, பாப்போம்."

ரோஷம். தாண்டாவிட்டால் மீசையை எடுக்கிறேன் என்று சபதம். சொன்ன பிறகுதான் கண்ணாடி பார்த்தேன். மூன்று தெருவுக்கு நிழல் தரும் மீசை.

ஜூலை 5, சனி

வெயில். சட்டைகள் காய்ந்தன. நான் செத்தேன். காபிக்கு முன் செத்தேன், பின் செத்தேன், சிலிண்டர்காரர் பெல் அடித்தபோதும் செத்தேன். முதலைக்கு அஜீரணமே வந்திருக்கும்.

வாங்க: தக்காளி, பல்பு. பிளேடு? மாட்டேன்.

ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "மாமா, சக்கத்தா, சூப்பரா ஓடறீங்க. குழிகிட்ட வந்ததும் கை அப்படியே நிக்குது. ஸ்பேஸ் பாரைத் தொடறதே இல்லையே?"

தலையில் இடி.

அந்தக் காலக் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பு வெளியே, ஏ.சி. உள்ளே, ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். நானும் இவள் அம்மா ரோஸி அக்காவும் அடித்துக்கொள்ளாமல் இருக்க சார் செய்த பாகப்பிரிவினை: ஓடுவது எனக்கு, குதிப்பது அவளுக்கு. இந்தக் கை ஒரு நாளும் குதித்ததில்லை! உலக வரலாற்றின் முதல் பாதி வீரன் நான்.

ஜூலை 6, ஞாயிறு

மேகம். சர்ச்சில் பூசை முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அக்கா, பிரியாணி டப்பாவோடு. பிளேடு ஷெரின் வாங்கி வந்திருந்தாள். துரோகி.

அக்கா திரையைப் பார்த்தாள். "அய்யோ, இது இன்னும் சாகலையா?" யாரையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு விரல் ஸ்பேஸ் பார் மேல்.

"ஓடுடா பாபு."

"நீ அவசரப்பட்டுக் குதிச்சிடுவே. அன்னைக்கும் அதான்."

"நீ லேட்டா வருவே. அன்னைக்கும் அதான். வாய மூடிட்டு ஓடு."

முதலை. மறுபடி முதலை. ஷெரின் பிளேடு உறையைப் பிரிக்கும் சத்தம். பிறகு அக்கா மூச்சைப் பிடிப்பது கேட்டது. திரையைப் பார்க்கவில்லை, அந்த மூச்சைக் கேட்டே ஓடினேன்.

தாண்டிவிட்டான்.

அந்தப் பக்கம் அரண்மனை இல்லை, புதையல் இல்லை. கடல். நீலம்! இந்த கேமுக்குள் ஒரு நீலம் இருந்திருக்கிறது. அத்தனை வருஷமும், குழிக்கு அந்தப் பக்கம்.

"தண்ணி அசையுதுடா," என்றாள் அக்கா, கோயிலில் பேசுகிற குரலில்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. தீக்குச்சி மனிதன் கரையில் நின்றான், நாங்கள் மூவரும் அவன் பின்னால்.

"மாமா, மேல ஏதோ பறந்து வருது..."

அக்கா விரலை எடுக்கவே இல்லை. "நிக்காதடா, ஓடு!"

கழுகு.