இரண்டு வாளிக் கொசுப்புழு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை நம் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் உள்ள குட்டையில் ஒரு தும்பி, தன் பழைய தோலைக் கோரைத் தண்டில் கழற்றி மாட்டிவிட்டுப் பறந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை இல்லை.

அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

அது ஓடையோடு சேராத, கணுக்கால் ஆழக் குட்டை. மீன் வர வழியில்லை. நீ கரையில் குப்புறப் படுத்துக் கிடப்பாய். இறக்கை முளைக்கும்வரை தண்ணீருக்குள்ளேயே வளரும் தும்பிக் குஞ்சு சேற்றோடு சேறாகப் பதுங்கி, மடித்து வைத்த தாடையை வீசிக் கொசுப்புழுவைப் பிடிப்பதைக் காட்டினாய்.

"பாத்தியா? நீ என் டிபன் பாக்ஸத் தொறக்கற வேகம்டா!"

போன வருடம், கொசு ஒழிய அங்கே மீன் விடப்போவதாக ஃபேக்டரியில் சொன்னார்கள். மீன் வந்தால் தும்பிக் குஞ்சு மிஞ்சாது. நீ நேராக சூப்பர்வைசரிடம் போய் நின்றாய். இரண்டு வாளியில் கொசுப்புழு. ஒன்றில் மட்டும் தும்பிக் குஞ்சு விடுவது என்று ஏற்பாடு.

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்கண்ணா. அதுல புழு இருந்தா மீன் விட்டுக்குங்க."

அதற்குள் உன் இதயம் மக்கர் செய்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். வகுப்பில் யாரும் பென்சில்கூட நம்பித் தராத என்னிடம் வாளிகளை ஒப்படைத்தாய். "நாலு குஞ்சு போதும்டா. உன் வேலையக் காட்டிராத." அந்த நம்பிக்கைக்கு எப்படி நன்றி சொல்வது?

ஞாயிறு காலை சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, ஒத்தப் புழுவக் காணோம்! மீனு வேண்டாமுங்க, விடுங்க."

போனில் சொன்னேன். மூச்சு வாங்கச் சிரித்தாய். இரண்டு நாளில் நீ இல்லை. குட்டையைக் காப்பாற்றிய விஞ்ஞானி நான்தான் என்று கோத்தகிரி பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அளந்து வருகிறேன்.

உண்மை வேறு. நாலு போதாதென்று நாற்பது குஞ்சு போட்டேன். கூடவே இரண்டு நீர்த்தேள். 'நீர்' என்று மரியாதை கொடுத்தாலும் தேள் தேள்தானே! ஞாயிறு விடிந்து பார்த்தால், ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒரே ஒரு நீர்த்தேள் மிச்சம். கொசுப்புழுக்கள் ஜோராக நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. சூப்பர்வைசர் வருவதற்குள் அந்த வாளிப் புழு அத்தனையையும் அம்மாவின் டீ வடிகட்டியால் வடித்தெடுத்தேன்.

சொல்லிவிடலாம் என்று அன்று மாலை மறுபடி கூப்பிட்டேன். உன் அம்மா எடுத்து, நீ தூங்குவதாகச் சொன்னார்கள். "சும்மாதாங்க கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

இந்த வருடம் நாலே நாலு குஞ்சு விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் வாளியில் ஒரு புழுகூட இல்லை. நீ சொன்னதுதான்டா சரி. கெடுத்தது நான்.