நாலு கார்பன் காப்பி

1964 ஜூலை 6, திங்கள்

செம்பூர் ஸ்டூடியோவில் இன்று ஐந்தாம் நாள். வேங்கடசுப்ரமணியன் என்கிற மகானுபாவர் (இங்கே எல்லாருக்கும் வெங்கட் சாப்) ஹிந்திப் படம் எடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் எங்கே என்று கேட்டேன். சிகரெட்டுப் பெட்டியைக் கிழித்து உள்பக்கத்தில் கிறுக்கியிருந்த நாலு வரியைக் காட்டினார். "இன்னிக்கு இதான்." இதுவா ஸ்கிரிப்ட்? எங்கள் கம்பெனிப் பியூன் லீவு லெட்டரை இதைவிட ஒழுங்காக எழுதுவான். மாதுங்கா சபாவுக்கு நான் எழுதிய நாடகங்களில் எவன் எந்தக் கையால் டம்ளரை எடுக்க வேண்டும் என்பதுவரை இருக்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆகஸ்ட் 31 வரைதான் லீவு. அதற்குள் இந்த மனுஷன் என்னை உதவி டைரக்டராக எடுத்துக்கொண்டால் ராஜினாமா. இல்லாவிட்டால் மறுபடி ஃபோர்ட் ஆபீஸ், சுருக்கெழுத்து நோட்டு, மானேஜரின் மணி. முப்பத்தாறு வயசாகிறது. இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

ஜூலை 9

க்ளாப் அடிக்கிற தனசீலன் எனக்குப் பாடம் எடுக்கிறான்! தாராவியிலிருந்து வருகிறான், ஊர் நாசரேத் பக்கம். எட்டாவதோடு நின்றவன். நடிகர்களுக்கு வசனக் காகிதம் கொடுப்பதும் அவன் வேலைதான்.

"சார், ஒருத்தர் வசனத்த இன்னொருத்தருக்கு சாப் காட்ட மாட்டாவ. அவியவிய வரி மட்டுந்தான்."

"ஏம்ப்பா, என்ன ரகசியம்?"

"என்ன கேள்வி வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, பதிலும் முன்னாடியே மூஞ்சில வந்துரும்லா."

பிரகஸ்பதி! முழு வசனம் தெரியாதவன் என்னத்தை நடிப்பான்?

ஜூலை 14

காலை முழுக்க ஹீரோவோடு கேரம் ஆடினார் வெங்கட் சாப். கேட்டால் ரிஹர்சலாம். கர்மம்.

ஜூலை 22

நாளை மறுநாள் பெரிய சீன். ஹீரோ ஒரு மில் ஆபீஸ் குமாஸ்தா. அவன் தொலைத்த ஃபைலுக்காக மானேஜர் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கேட்கிறார். இவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பியூனுக்கு வேலை போகிறது. இவ்வளவு கனமான சீன், ஹீரோவிடம் சொல்லியிருப்பது என்ன தெரியுமா? "வரிசையில் நில்." அவ்வளவுதான்!

தாங்கவில்லை. மத்தியானம் ஸ்டூடியோ ஆபீஸில் டைப்ரைட்டர் சும்மா இருந்தது. சீன் முழுவதையும் மூன்று பக்கத்தில் அடித்துத் தள்ளினேன். எங்கே உதடு துடிக்க வேண்டும், எப்போது வலது கை நெஞ்சுக்குப் போக வேண்டும், எல்லாம். நாலு கார்பன் காப்பி. தனசீலன் கொடுக்கப்போகும் வசனக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டேன், அவனிடம் சொல்லவில்லை. சீன் பிரமாதமாக அமையட்டும், அப்புறம் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 24, வெள்ளி

நாசமாய்ப் போயிற்று.

ஹீரோ நிலைக்கண்ணாடி முன்னால் தயார் செய்துகொண்டு வந்துவிட்டான். மானேஜர் வாயைத் திறக்குமுன்பே இவன் உதடு துடிக்கிறது, கை நெஞ்சுக்குப் போகிறது. ஏழு டேக். ஏழும் குப்பை. வெங்கட் சாப் அவன் பையிலிருந்த காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"யார் குடுத்தா இதை?"

தனசீலன் என்றான் ஹீரோ.

"எழுதினது யாரு?"

ஐம்பது பேர் நிற்கிறோம். தனசீலன் என்னைப் பார்த்தான். நான் அண்ணாந்து விளக்கைப் பார்த்தேன். "சரி, நீ வீட்டுக்குப் போ" என்று அவனிடம் சொல்லிவிட்டார். க்ளாப் பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆகஸ்ட் 31 அன்றைக்கே வந்துவிட்ட மாதிரிதான். எட்டாவது படித்தவனுக்கு வேறு வேலையா கிடைக்காது? — சே, என்ன எழுதுகிறேன் நான்?

ஜூலை 25

அதே சீன். காமிரா தயார். வெங்கட் சாப் ஹீரோவை எனக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பஞ்சு, அந்தப் பேப்பரை டைப் அடிச்சது யாருன்னு தெரியுமோ?"

"தெரியாது சார்."

"தனசீலனா இருக்குமா?"

"இருக்கலாம்" என்றேன்.

இருக்கலாம் என்றேன்! டைப்ரைட்டரைத் தொட்டே பார்த்திராத பையன் அவன்.

அவர் ஹீரோ பக்கம் திரும்பினார். "தேக்கா?" என்றார், பார்த்துக்கொண்டாயா என்று. அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போய் வரிசையில் நின்றான். ஒரே டேக். உதடு துடிக்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். அவர் கேட்டபோது நான் என் கண்ணாடியை அப்படித் துடைத்தேனா? செய்திருப்பேன். குனிந்து பார்த்தால் என் சட்டை நுனி கசங்கியிருந்தது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு காகிதத்தை என் கையில் கொடுத்து, "அடியிலே பாரு" என்றார். இடது ஓரத்தில் கே.பி. — கே. பஞ்சாபகேசன். பதினைந்து வருஷ ஸ்டெனோ பழக்கம். எதை அடித்தாலும் கடைசியில் என் இனிஷியலைப் போட்டுவிட்டுத்தான் காகிதத்தை உருவுவேன். விரல் தானாகப் போட்டிருக்கிறது. நாலு காப்பியிலும்.

"நேத்திக்கே தெரியும். ஆனா எனக்கு இந்த சீன் வேணும். தனசீலனை நீயே போய்க் கூட்டிண்டு வா."

என்ன மனுஷன் இவர்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூலை 26, ஞாயிறு

தாராவி. தனசீலன் சர்ச் ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றான். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டான். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

"சாப் கூப்பிடறார்ப்பா."

"நா வரல சார். அத்தன பேரு முன்னாடி தொரத்திட்டு இப்ப வான்னா? எங்க மாமா பேக் தைக்கிற கடையில நாளைக்கே சேந்துக்கிடுதேன்."

"டைப் அடிச்சது நான்தான்."

"தெரியும் சார். அடியில எழுத்தப் பாத்துட்டேன்."

"பின்னே ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவியன்னுதான் ஒங்களப் பாத்தேன்."

காப்பி வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29

வெங்கட் சாப் எடுத்துக்கொண்டார். ராஜினாமா கொடுத்தாயிற்று. தனசீலன் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, க்ளாப் நான்தான் அடிக்கிறேன்.

1965 மார்ச் 14, ஞாயிறு

படம் வந்துவிட்டது. என் மனைவி ருக்குவை மாட்டினி ஷோவுக்கு அழைத்துப்போனேன். அவளிடம் அந்த விஷயம் எதையும் நான் சொன்னதில்லை. டைட்டிலில் என் பெயர் வந்ததும் சந்தோஷம் தாங்காமல் கையைக் கிள்ளினாள்.

அந்த சீன் வந்தது. அவன் கண்ணாடியைத் துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான்.

"சீ! இப்படியும் ஒரு ஜன்மமா! மூஞ்சியைப் பாருங்கோ!" என்றாள் ருக்கு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பியூனுக்காக. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, ரொம்பப் பெருமையாக, "இதெல்லாம் அவனுக்கு நீங்களா சொல்லிக் குடுத்தேள்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.