மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

நவம்பர் 14, செவ்வாய்

மாலை ஜெபத்துக்கு முன் பாட்டுப் பெட்டியைப் போட்டேன். ஐந்து சிடி வைக்கிற பெட்டி. தொண்ணூற்றைந்தில் என் வீட்டுக்காரர் இச்சாயன் பஹ்ரைனிலிருந்து முதல் லீவில் கொண்டுவந்தது. தட்டு சுற்றும்போது ‘கர்ர்ர், கடக்’ என்கிறது. போன வாரம் லேசாக இருந்தது. இன்று பக்திப் பாட்டுக்கு நடுவே யாரோ தேங்காய் துருவுவது போல.

ஏப்ரலில் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார். இருபத்துமூன்று வருடம். வந்ததும் இந்தப் பெட்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு முன்னறையில் காலை நீட்டி உட்காரப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சரியாகிவிட வேண்டும், கர்த்தரே.

நவம்பர் 16, வியாழன்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சத்தத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கினேன். சிடி இல்லாமல் தட்டைச் சுற்றவிட்டேன்: சத்தம் உண்டு. அப்படியானால் சிடியில் குற்றமில்லை. ஒன்றாம் குழியிலிருந்து இரண்டுக்கு: இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு: இல்லை. மூன்றிலிருந்து நாலுக்கு: உண்டு. நாலிலிருந்து ஐந்துக்கு: இல்லை. பன்னிரண்டு சுற்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடம்தான்.

மூன்றரைக்கு இச்சாயன் கூப்பிட்டார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் ‘சாப்பிட்டியா, மழையா, பசு எப்படி’ என்று இரண்டு நிமிடத்தில் முடியும். இன்று சத்தத்தைச் சொன்னேன். “எடீ சோசே, போனை அதுகிட்ட வை,” என்றார். வைத்தேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருபத்தாறு நிமிடம்.

நவம்பர் 18, சனி

பிளக்கைப் பிடுங்கி, நாலு திருகைக் கழற்றி மூடியை எடுத்தேன். தட்டுக்கு அடியில் பல்சக்கரம். இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். கதவுக் கீலுக்கு அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான். சத்தம் போயே போய்விட்டது.

பேச்சு இரண்டு நிமிடம்.

நவம்பர் 27, திங்கள்

விடியலில் நல்ல குளிர். பெட்டியைப் போட்டால் தட்டு நகரவே இல்லை, முனகுகிறது. திறந்து பார்த்தேன். பல்லுக்குப் பல் எண்ணெய் உறைந்து மெழுகாக வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. வெயில் ஏறியதும் உருகிப்போய் ரப்பர் பெல்ட் வழுக்குகிறது. பழைய கடக்கும் திரும்பிவிட்டது. ஒரு பழுது இப்போது மூன்று பழுது.

இச்சாயனிடம் வெட்கத்தோடு சொன்னேன். அவர் இப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று. முப்பத்தொரு நிமிடம்.

டிசம்பர் 1, வெள்ளி

கிறிஸ்துமஸ் வரைக்கும் இருபத்தைந்து நாள் நோன்பு ஆரம்பம். மீன், இறைச்சி, பால் இல்லை.

பெட்டியை கோழஞ்சேரியில் ரேடியோ கடை வைத்திருக்கும் புஷ்பாங்கதனிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“சேச்சி, மீன் பொரிச்சீங்களா இதுல?”

“நோன்பு நாள்ல இந்தப் பேச்சு வேண்டாம்.”

“இதைக் கழுவி எடுக்கவே ரெண்டு நாள் ஆகும். எனக்கு கிறிஸ்துமஸ் ஸ்டார், சீரியல் லைட்னு தலைக்கு மேல வேலை. நீங்களே திறந்திருக்கீங்க, நீங்களே மூடுங்க.”

பெல்ட் ஒன்று, விரல்நுனி அளவு கிரீஸ், சுத்தம் செய்ய ஸ்பிரிட் தந்தார். ரப்பரில் எண்ணெய் படக்கூடாது, பாட்டைப் படிக்கிற கண்ணாடியைத் தொடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

டிசம்பர் 4, திங்கள்

காலை முழுவதும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். எண்ணெய்க்கு அடியில் பழைய கிரீஸ், பலாப்பழப் பிசின் போல. அதையும் சுரண்டி எடுத்தபோது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே பற்களுக்கிடையில் கடுகளவு வெள்ளையாக ஒன்று. குண்டூசியால் நெம்பினேன். பல்லி முட்டை ஓடு. இத்தனை நாளும் அதுதான்.

பெல்ட்டை மாற்றி மூடினேன். இருபது சுற்று விட்டேன். தட்டு தூங்குகிற பிள்ளை மாதிரி மூச்சுவிடுகிறது. சந்தோஷமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்க்கும்வரை. மூன்று பத்து. இன்னும் இருபது நிமிடத்தில் இச்சாயன் கூப்பிடுவார், பேச இனி என்ன இருக்கிறது?

“இன்னைக்கு எப்படி இருக்கு சத்தம்?” என்றார்.

போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அப்படியேதான் இருக்கு.”

முப்பத்துநாலு நிமிடம்.

டிசம்பர் 8, வெள்ளி

“போனைக் கிட்ட வை,” என்றார். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, சுற்றுகிற தட்டின் ஓரத்தில் பிடித்தேன். கடக், கடக். “ம்ம்,” என்றார். “இன்னும் போகல.”

என்ன காரியம் இது, சோசாம்மா?

டிசம்பர் 15, வெள்ளி

ஈர்க்குச்சி மூன்று முறை. நாற்பத்தொரு நிமிடம். மீனைத் தொடாமல் இருந்து என்ன பயன்.

டிசம்பர் 23, சனி

காலையில் பாவசங்கீர்த்தனம். பாதிரியாரிடம் என் பாவத்தைச் சொல்லி முடித்தேன். “இத்தனை வருஷத்துல ஈர்க்குச்சிப் பாவம் இப்பத்தான் முதல் தடவை கேக்குறேன்,” என்றார். “ஜெபம் சொல்லித் தர மாட்டேன். புருஷன்கிட்டச் சொல்லிடு, அது போதும்.”

மூன்றரைக்குச் சொன்னேன். சத்தம் நாலாம் தேதியே போய்விட்டது, நான்தான் பொய் சொன்னேன் என்று.

“தெரியும்,” என்றார். “பழுதுன்னா ஒரே இடத்துலதான் வரும் சோசே. உன் சத்தம் சுத்து முழுக்க வந்துச்சு.”

“தெரிஞ்சுமா தினம் கேட்டீங்க?”

மெதுவாகச் சொன்னார். அங்கேயே இன்னும் இரண்டு வருடம் வேலை செய்யக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நவம்பர் இருபதாம் தேதி. “தினம் சொல்லணும்னுதான் கூப்பிடுவேன். நீ பல்சக்கரம், பெல்ட்டுன்னு ஆரம்பிப்ப. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த நிமிடங்களையெல்லாம் எனக்கென்று எழுதி வைத்தேனே.

டிசம்பர் 25, திங்கள்

விடியலில் கோயிலில் குர்பானா பூசை. பாலப்பமும் ஸ்டூவும் செய்தேன், இறங்கவில்லை. மூன்றரைக்குப் போன் அடித்தது. எடுக்கல. அடிக்கட்டும். எத்தனை ஏப்ரல் சொல்லியிருக்கார் இந்த மனுஷன்? மக ஜின்ஸி பொறந்தப்ப ஒரு ஏப்ரல், வீடு கட்டினப்ப ஒரு ஏப்ரல். நான் என்ன, போட்டா சுத்தி, நிறுத்தினா நிக்கிற தட்டா?

டிசம்பர் 29, வெள்ளி

எடுத்தேன். அவர் மூச்சு கேட்டது, பின்னால் ஏசி ஓடுவது கேட்டது. “ஏன் போட்டீங்க கையெழுத்து?” என்றேன். “அங்க வந்து நான் யாருன்னு தெரியல சோசே,” என்றார். “லீவுக்கு வந்தா தேங்காய் எங்க இருக்கு, சாவி எங்க இருக்குன்னு உன்னைத்தான் கேக்கணும். அந்தப் பெட்டியை நான் வந்து சரி பண்ணுவேன்னு நினைச்சிருந்தேன். அதையும் நீயே பண்ணிட்ட.”

இதை இருபத்துமூன்று வருடத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 4, வியாழன்

பெட்டியைப் போடவில்லை. யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 11, வியாழன்

பத்தனம்திட்டாவுக்கு பஸ்ஸில் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தேன். “சேச்சி, காது தெரியணும், முக்காட்டை எடுங்க. சிரிக்கக் கூடாது,” என்றான் போட்டோக்காரன். சிரித்துத்தான் தொலைத்தேன். மூன்று தடவை எடுத்தான். பக்கத்து வீட்டு ரமணி பசுவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

நானே அங்கே வரப்போகிறேன் என்று, மறைக்கக் கூடாதென்று, மூன்றரைக்கே சொல்லிவிட்டேன்.

“இங்கயா? நீயா?” என்றார். “ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கோம் சோசே.”

“அப்ப வேற ரூம் பாருங்க.”

“ஜன்னல் இருக்கிற ரூமா பாக்கணும்,” என்றார்.