பவுலினுக்கு மடித்துக் கொடுத்த ரொட்டி

1911

செப்டம்பர் 12, செவ்வாய்

மிளகாய் வத்தல் அரைத்த கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். பானைத் தண்ணீர் பாதி முகத்துக்கே போயிற்று.

ரயில் கூட்ஸ் ஷெட்டில் நாளெல்லாம் ரசீது எழுதிவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி அம்மி முன்னால் உட்காரும் ஆண்பிள்ளை இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான். கதவைச் சாத்திக்கொண்டுதான் அரைக்கிறேன். சத்தத்தைச் சாத்த முடியுமா? அடுத்த வீட்டுச் சொர்ணாம்பாள் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, நீங்களா அரைக்கிய? குழவியப் பைய உருட்டுங்க, எங்க வீட்டு ஓடு விழுந்துரும்."

பவுலின் சிரிப்பாள் என்று எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆடியில் எங்கள் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததிலிருந்து அந்தச் சுவரைத்தான் பார்க்கிறாள். வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது.

செப்டம்பர் 14, வியாழன்

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்தாள். நோய் ஒன்றும் இல்லையாம், உடம்பில் ரத்தம்தான் இல்லையாம். வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எப்படியாவது சாப்பிட வையுங்கள். கோழி கொடுங்கள். இப்படியே விட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டாள்."

எப்படியாவது என்றால் எப்படி? அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குத் தனியாகப் போனேன். வந்து கோழிச்சாறு வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள், மூன்றாவது வாயில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பாயைக் கழுவிப் போட்டேன். காயவில்லை. என் வேட்டியை விரித்துப் படுக்க வைத்தேன்.

அவள் அம்மா குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்திருந்தவரைக்கும் சமையல் கவலை இல்லாமல் இருந்தது. மாமனார் படுத்த படுக்கை என்று ஆள் வர, அழுதுகொண்டே போய்விட்டாள். சமையலுக்கு ஒருத்தியைக் கூட்டி வந்தேன். பவுலின் அவளைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வந்தவள் மறுநாள் வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

செப்டம்பர் 20, புதன்

அலுப்பு. சோறு ஒரு அடுப்பு, குழம்பு ஒரு அடுப்பு, இரண்டுக்கும் ஊதி ஊதி நெஞ்சு வலிக்கிறது. அவ்வளவும் செய்து தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்புகிறாள். இன்று கோபம் வந்துவிட்டது. "தின்னா தின்னு, திங்காட்டி போ!" என்று கத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்காவது வரக்கூடாதா?

நின்றபோது ஒன்று தோன்றியது. தட்டு என்றால் எழுந்து உட்கார வேண்டும், பிசைய வேண்டும், கை கழுவ வேண்டும். அவளுக்கு அதற்கே தெம்பில்லை. படுத்தபடி கையில் பிடித்துக் கடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்?

செப்டம்பர் 21, வியாழன்

கோதுமை மாவு வாங்கினேன். "யாருக்குச் சுகமில்ல?" என்றார் கடை அண்ணாச்சி. இந்த ஊரில் கோதுமையைக் கண்டால் காய்ச்சல் ஞாபகம்தான் வரும்.

ரொட்டி வட்டமாக வரவில்லை. நான் தின்றேன். கெட்டி.

செப்டம்பர் 26, செவ்வாய்

முக்கூடலிலிருந்து கூடையில் கோழி கொண்டுவருகிற சந்தனமாரி இன்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அறுக்க எனக்குக் கை வராது, அவளே அறுத்து உரித்துத் தந்தாள். "செவ்வாக்கிழமை கோழி திங்கிய. துரை வீட்டு விருந்தா?" என்று கேலி செய்தாள். ஆமாம், துரைதான்.

எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து, வத்தல், சீரகம், பூண்டு அரைத்துப் போட்டு, நல்லெண்ணெயில் தண்ணீர் இல்லாமல் சுருள வதக்கினேன். ரொட்டியைத் தோசைக் கல்லில் போட்டு, பாதியில் கறியைப் பரப்பி, மறுபாதியை மேலே மடித்து அமுக்கினேன். இரண்டு பக்கமும் சிவந்த பிறகு எடுத்து அவள் கையில் வைத்தேன். உடனே அடுப்படிக்கு வந்துவிட்டேன். பார்த்துக்கொண்டு நின்றால் தின்ன மாட்டாள் என்று இத்தனை நாளில் தெரிந்திருக்கிறது.

திரும்பிப் போனபோது முனை கடிபட்டிருந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

கால்வாசி தின்றாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

தின்கிறாள், ஆனால் படுத்தபடி தின்பதால் கறியெல்லாம் பாயில் உதிர்கிறது. விடிந்து பார்த்தால் எறும்பு. அவள் தோளில் ஏறியிருக்கிறது, தட்டிவிடக்கூட இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது, ஏச்சு வாங்கினேன். முட்டை ஊற்றி ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை.

சொர்ணாம்பாள் அக்கா சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் பவுலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சைவம். கோழி வாசம் அந்த வீட்டுக்குள் போகும் என்று எனக்கு உறுத்தல்தான். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அந்த நாத்தம் எனக்கு ஆகாதுதான்," என்றாள். "அதுக்கு என்ன செய்ய? நீங்க சட்டிய அடுப்புல ஏத்துத நேரம் நான் சன்னல அடைச்சுக்கிடுதேன். பிள்ள தின்னா போதும்."

அக்டோபர் 5, வியாழன்

வெள்ளைக்காரக் கலப்புள்ள சட்டைக்கார ரயில் கார்டு ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு தகர டப்பா கொடுத்தார். உள்ளே மஞ்சளாக, சவுக்காரக் கட்டி போல ஒன்று. சீஸாம். பாலைக் கட்டியாக்கி வைத்தது, சூட்டில் உருகி எதையும் ஒட்டுமாம். மோந்து பார்த்தேன். கெட்டுப்போன மோர். இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்களா?

கறியின் மேல் சீவிப் போட்டு மடித்துக் கல்லில் வைத்தேன். உருகியது. பிட்டால் நூலாக இழுக்கிறது, ஒரு துணுக்குக்கூட உதிரவில்லை. பவுலின் கடித்தவள் நின்று, அந்த நூலைப் பார்த்தாள். பிறகு மறுபடி கடித்தாள். பாதி ரொட்டி!

அக்டோபர் 9, திங்கள்

தீபாவளிச் சரக்கு வந்து குவிகிறது, ஜவுளிக் கட்டுக்கு நடுவே நடக்க வழியில்லை. நேற்று ஞாயிறும் வேலை, பூசைக்குப் போகவில்லை. வந்து மாவு பிசையும்போதே கண் சொருகுகிறது. ஆனால் செய்கிறேன்.

அக்டோபர் 13, வியாழன்

இல்லை. வெள்ளி. மேலே எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும். நாளெல்லாம் ரசீதில் 13 என்று எழுதுகிறேன், கிழமையை எழுதச் சொல்ல அங்கே ஆளில்லை. ஞாயிறு ஓய்வு போனதிலிருந்து கிழமைக்கணக்கு கையைவிட்டுப் போய்விட்டது.

கோழி சமைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, கறி ஆகாத சுத்தபோசன நாளில். பிறந்து இத்தனை வருஷத்தில் வெள்ளியன்று நான் கறி தொட்டதில்லை. பவுலின் அதற்கும் மேல். கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமைக் கருவாட்டுச் சட்டியில் கறிக்கரண்டியை வைத்தேன் என்று என்னோடு ஒரு நாள் பேசாமல் இருந்தவள்.

இன்று ஒரு ரொட்டி முழுதாகத் தின்றாள். இன்னொன்று கேட்பது போல் கையை நீட்டினாள், கொடுத்தேன். அதையும் தின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் தின்றேன். அப்போது சொன்னாள், சுவரைப் பார்த்தபடி:

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். "தெரிஞ்சா தின்ன?" என்றேன்.

"தெரிஞ்சுதான் தின்னேன்."

சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே. நோயாளிக்கு விலக்கு உண்டு, சுவாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் திரும்பினாள். முகத்தை நேராகப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

"எனக்கு நோவு ஒண்ணுமில்ல. என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லன்னு மந்திரிச்ச கல்லறை மண்ணுல ஒரு சாண் இடம் குடுக்கல. வயித்துக்குள்ளயே செத்த பிள்ளைக்கு யாரு போய் தண்ணி ஊத்த? ஆண்டவரு எம் பிள்ளைய எடுத்துக்கிட்டாரு. நான் அவரு விலக்குன கோழிய எடுத்துக்கிட்டேன். சரியாப் போச்சு."

தட்டில் பாதி ரொட்டி இருந்தது. அதைத் தின்னவா, எறியவா? நான் தின்னாமல் எழுந்தால் அவளைத் தனியாக விட்டதாகும் என்று தோன்றியது. தின்றேன். தெரிந்தே.

அக்டோபர் 14, சனி

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதி தெரியாமல் தின்றது, பாதி தெரிந்து தின்றது என்றேன். எதற்காக என்று கேட்டார். சொல்லவில்லை. அவள் பாவம் என்றால் அதை அவள் சொல்லட்டும், நான் கோள் சொல்லப் போகவில்லை. செபமாலை ஒன்று சொல்லச் சொன்னார். திரும்பும்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி நடந்து வந்தேன். அந்தச் சுவர் உயரமும் இல்லை. ஒரு ஆடு தாண்டிவிடும்.

அக்டோபர் 18, புதன்

"ஒறைக்கவே இல்ல," என்றாள்.

பாயிலிருந்து, திடுதிப்பென்று. கேட்டது நிஜம்தானா என்று நம்பாமல் அடுப்படியில் நின்றேன். மறுபடியும் குரல்: "வத்தல வெறுஞ்சட்டியில வறுத்துட்டு அரைக்கணும். அப்படியே அரைச்சா பச்ச வாடதான் அடிக்கும், ஒறப்பு ஏறாது. இத்தன நாளும் என்னத்தையோ திங்கக் குடுத்திருக்கிய."

ஏச்சுதான். கேட்டுக்கொண்டே மாவு பிசைந்தேன். கண்ணில் தண்ணீர். இன்று வத்தல் காரணம் இல்லை.

அக்டோபர் 20, வெள்ளி

இன்று என்ன செய்ய என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே பயம். "என்னமும் செய்ங்க," என்றாள். தேங்காயும் வெங்காயமும் வதக்கி வைத்து மடித்தேன். தின்றாள். மனம் ஆறிவிட்டதா, அலுத்துவிட்டதா? எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அக்டோபர் 25, புதன்

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் செந்தண்ணீர். சீஸ் டப்பா காலி. கார்டிடம் இன்னொன்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

பவுலின் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். சுவரைப் பிடித்துப் பிடித்து அவளாகவே வந்திருக்கிறாள். நான் ரொட்டி தேய்ப்பதைப் பார்த்து, "நாலு மூலையாத்தான் வருமா உங்களுக்கு?" என்றாள். குழவியை வாங்கி ஒன்று தேய்த்தாள். மூச்சு வாங்கியது. மணையைப் போட்டு உட்கார வைத்தேன்.

கல்லில் ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டாள்.

"எங்கன வச்சிய?"

எதை என்று நான் கேட்கவில்லை. இதுவரை அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, மேற்குச் சுவரை ஒட்டி, ஒரு பூவரசமரத்தடி என்றேன்.

"தலை எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம்."

"எதுல சுத்தியிருந்திய?"

"உன் நீலச் சேலையில."

தலையை ஆட்டினாள். ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. அழுதாள். பிள்ளை பிறந்த அன்றைக்குப் பிறகு இன்றுதான் சத்தம் வந்து அழுதாள். சுவருக்கு அப்பால் சொர்ணாம்பாள் அக்கா வீட்டில் சன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. கோழி வாசம் வந்தாலும் வரட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பவுலின் முதுகைத் தடவிக்கொண்டு, அடுப்பைத் தணிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

மெழுகுதிரி வாங்கிவரச் சொன்னாள்.

நவம்பர் 2, வியாழன்

செத்தவர்களுக்கு விளக்கு வைக்கிற ஆத்துமாக்கள் திருநாள். ஷெட்டில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தேன். வண்டி பிடித்துப் பாலம் தாண்டிப் போனோம். பகலெல்லாம் பெய்து சாயங்காலம் ஓய்ந்திருந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரே கூட்டம். உள்ளே கல்லறைதோறும் விளக்கு. சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார், பின்னால் பாட்டு. தெரிந்தவர்கள் பவுலினைப் பார்த்து, "உள்ள வா," என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்தாள். சுவரை ஒட்டி மேற்குப் பக்கமாக நடந்தோம். சேறு. அவள் அழுதால் எப்படித் தூக்கி வருவது, வண்டிவரைக்கும் என்னால் முடியுமா என்றுதான் நான் நினைத்துக்கொண்டு போனேன். இருட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் நிற்கப் போகிறோம் என்றும் நினைத்தேன்.

மூலை திரும்பினால் அங்கேயும் விளக்கு.

சுவருக்கு வெளியே, மண்ணில், நீளத்துக்கு. ஒவ்வொரு விளக்கின் பக்கத்திலும் ஒரு பெண்பிள்ளை. சிலரோடு புருஷன்மார், கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஒருத்திக்குத் தலை முழுக்க நரை. எத்தனை வருஷமாக வருகிறாளோ! எங்கள் கோயிலில் இவர்களையெல்லாம் ஞாயிறுதோறும் பார்க்கிறேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லையே.

நான் பூவரசமரத்தைக் காட்டினேன். பவுலின் உட்கார்ந்து மெழுகுதிரியை மண்ணில் ஊன்றினாள். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. நரைத்தலைக்காரி தன் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வந்து பற்ற வைத்துக் கொடுத்தாள்.

"எனக்கு இங்கன மூணு," என்றாள். "உனக்கு?"

"ஒண்ணு," என்றாள் பவுலின்.

"ஆணா?"

"ஆண்."

அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே செபம் நடந்தது. வெளியே இருந்தவர்கள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பதில் சொன்னார்கள். பவுலின் வாய் திறக்கவில்லை. திரி பாதி எரிகிறவரைக்கும் மண்ணில் கையை வைத்தபடி இருந்தாள். பிறகு எழுந்தாள். தூக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டி பாலத்தில் ஏறும்போது என் தோளைத் தொட்டாள்.

"பசிக்கு," என்றாள்.

வண்டிக்காரனைக் கொஞ்சம் விரட்டி ஓட்டச் சொன்னேன்.