பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. வடசேரியில் பஸ் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் சேலை முட்டளவு நனைந்தது. வார்டில் கட்டில் போதாமல் நடையிலும் இரண்டு கட்டில். நர்ஸ் இரண்டு பேர். ஆயா நான் ஒருத்தி.

ஏழாம் கட்டில் அம்மா காலையில் போய்விட்டார். முகம் துடைத்து, கையை நேராக்கி, தாடையைத் துணியால் கட்டவேண்டும். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. துணியை எடுத்தேன். கை போகவில்லை. மாசி மாதம் என் வீட்டுக்காரருக்கு நான்தான் கட்டினேன், இதே வார்டுக்கு எதிர் வார்டில். வேறு யாரையும் தொட விடவில்லை. அதிலிருந்து இப்படி. வெளியே அந்த அம்மாவின் மகள் அழுகிறாள், உள்ளே நான் துணியும் கையுமாக நிற்கிறேன். வெட்கம்.

ஷைனி சிஸ்டர் வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அவளே கட்டினாள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

பிறகு சாமான் அறைக்குக் கூப்பிட்டாள். "எக்கா, ராத்திரி உறங்குறியளா?"

இல்லை என்றேன்.

"எனக்கும் ஒருகாலத்துல உறக்கம் கெடையாது. டியூட்டிக்கு வரணும்னு நெனச்சாலே நெஞ்சு கெடந்து அடிக்கும். மனசு டாக்டரப் பாத்தேன். ஒரு வருஷமா மாத்திரை உண்டு. அதத் தின்னுட்டாக்கும் இப்படி ஓடி நடக்கது. சனிக்கிழமை எனக்கு லீவு. வாருங்க, கூட்டிட்டுப் போறேன்."

"பாக்கலாம் மக்களே" என்றேன், மகளிடம் சொல்வதுபோல. பயம்தான். திருவட்டாறுப் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற பிள்ளை. இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. இவளுக்கு இப்படியா.

சாளை மீன் வாங்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று இன்னும் பழகவில்லை. மிச்சம் பூனைக்கு.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டு விட்டு. அடுக்களைக் குழாய் அடைப்பு. சீனி, தீப்பெட்டி, சோப்பு வாங்க வேண்டும்.

சாயங்காலம் போதகரம்மா வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஆளாளுக்கு ஜெபக்குறிப்பு சொன்னார்கள். ஒருத்திக்கு மகனுடைய விசா. ஒருத்திக்கு முட்டுவலி. என் முறை வந்தது. என் உறக்கத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஷைனியைச் சொல்லிவிட்டேன்.

பெயர் சொல்லவில்லை. "எங்க வார்டுல ஒரு நர்சுப் பிள்ளை. மனசுக்கு மாத்திரை திங்குது. விடுதலை கெடைக்கணும்." அவ்வளவுதான். பெயர் சொல்லாவிட்டால் தப்பில்லை என்று நினைத்தேன்.

ஜெபித்தது லீமா. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பில் போடுகிறவள். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, "ஆண்டவரே, ஷைனி சகோதரிக்க மனநோயின் கட்ட அவிழ்த்துவிடும்" என்றாள். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மற்ற யாரும் திறக்கவில்லை. எங்கள் வார்டில் பிள்ளை என்று சொல்ல அவள் ஒருத்திதான். மற்ற நர்ஸ் பேரப்பிள்ளை எடுத்தவர். எனக்கு இது முன்னமே தோன்றவில்லையே.

நிறுத்து லீமா என்று சொல்லியிருக்கலாம். ஆமென் என்றேன். சுக்குக் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். முறுக்கும் தின்றேன்.

ஜூன் 14, சனி

டாக்டரிடம் போகவில்லை. ஆள் இல்லை என்று ஷைனியின் லீவை வெட்டிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

காலையில் மேட்ரன் அம்மா வார்டுக்கு வந்தார். ஊசி மருந்து அலமாரிச் சாவி எப்போதும் ஷைனியிடம்தான் இருக்கும். எல்லார் முன்னாலும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு எனக்க கையில இருக்கட்டு. நம்பாம இல்ல கேட்டியா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுதுன்னா யாரு பதில் சொல்லது?"

இனி ஒவ்வொரு ஊசிக்கும் அவள் மேட்ரன் அறைக்கு ஓடிப் போய்க் கேட்கவேண்டும்.

மருந்துக்கடை ஜன்னல் பக்கம் காதில் விழுந்தது:

"எந்த நர்சு, அந்த வட்டு பிடிச்ச பைத்தியமா?"

"மெதுவா சொல்லுட்டி. ஊசிய மாத்தி ஒனக்குப் போட்டிரப் போவுது."

சிரிப்பு. நான் பெட்பேனோடு அவர்களைத் தாண்டிப் போனேன்.

மத்தியானம் வழக்கம்போல ஷைனி எனக்கும் சாயா வாங்கி வந்தாள். "எனக்க ரூம்காரிகிட்டகூட சொல்லல்ல எக்கா. யாரு சொல்லியிருப்பா?" அந்தச் சாயாவை எப்படிக் குடித்தேனோ. குடித்தேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்று ஆலயத்துக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று சாமான் அறையில் ஷைனி தனியாக இருந்தாள். பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "நானாக்கும் மக்களே சொன்னது. ஜெபத்துக்காக."

உருட்டுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்க உறக்கத்தையும் சொன்னியளா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"அப்ப எனக்கது மட்டும்."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் ஒன்று தந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். உருட்டிய பஞ்சை டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டாள்.

சாயா வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பஸ்ஸில் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டேன். நேராக மேட்ரன் அறை.

"அம்மா, அந்த மாத்திரை ஷைனிக்கது இல்ல. எனக்கது. வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிப்போட்டேன்."

ஒரு கேள்வி கேட்கவில்லை. உடனே நம்பிவிட்டார். "அதான பாத்தேன். படிச்ச பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு வருது? வீட்டுக்காரன் போனதுலயிருந்து நீதான் ஒருமாதிரி நடக்க."

சாவி ஷைனிக்குத் திரும்பப் போனது. எனக்கு நாளை முதல் வார்டு கிடையாது. கீழே சலவை அறையில் துணி மடிக்கவேண்டும். போகட்டும். கடன் தீர்ந்தது என்று இருந்தது. வரும் வழியில் பழம்பொரி வாங்கித் தின்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நாக்குக்கு ருசி தெரிந்தது.

ஜூன் 18, புதன்

சலவை அறை. புழுக்கம். ஜன்னல் இல்லை. இருநூறு விரிப்பாவது இருக்கும்.

பத்து மணிபோல ஷைனி இறங்கி வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். முகம் சிவந்திருந்தது.

"யாரு உங்ககிட்ட கேட்டது?"

"உனக்க சாவி..."

"நான் போட்ட ஊசி ஒண்ணு தப்பியிருக்கா இத்தன நாளுல? அம்புட்டும் மாத்திரை தின்னுட்டுப் போட்டதாக்கும். நேத்து சாவியத் தரும்போ மேட்ரன் சொல்லுதாவ, நீ நல்ல பிள்ளைன்னு எனக்குத் தெரியும்னு. இப்ப நான் மாத்திரை திங்காததுனால நல்ல பிள்ளை. முதல்ல என்னக் காட்டிக் குடுத்திய. இப்ப என்னப் பொய்யாக்கிட்டிய."

கையில் மடித்த விரிப்பு. அதையே மறுபடி மறுபடி மடித்தேன்.

அவள் நேராக மேலே போய்ச் சாவியை மேட்ரன் மேசையில் வைத்து, மாத்திரை என்னுடையதுதான், இனியும் தின்பேன் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் அவளே வந்து சொன்னாள், வாசலில் நின்றபடி. டாக்டர் கையால் எழுதி வாங்கி வரவேண்டுமாம், இந்த வேலைக்குத் தகுதி உண்டு என்று. எழுத்து வராவிட்டால் வேலையே இல்லை.

"சனிக்கிழமை போறேன்" என்றாள். வாருங்க என்று சொல்லவில்லை.

"நான் வரட்டா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு எல்லாருக்கும் உள்ளதுதான."

ஜூன் 19, வியாழன்

போகாமல் இருந்திருக்கலாம். மாத்திரை என்னுடையது என்று மேட்ரனிடம் சொன்னது லீமா வழியாக வந்துவிட்டது, ஜெபக்கூட்டத்தில் இன்று நான்தான் குறிப்பு. நடுவில் முட்டுக்குத்த வைத்து எல்லாரும் என் தலையில் கை வைத்தார்கள். ஆறேழு கை. ஒரு கையில் உள்ளி உரித்த மணம். விதவையின் துக்க ஆவியே போ போ என்று லீமா கத்துகிறாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. தலை பாரம் தாங்கவில்லை. ஷைனியை நான் இப்படித்தான் நடுவில் இருத்தியிருக்கிறேன், அவள் இல்லாத நேரத்தில்.

முடிந்ததும் லீமா காதுக்குள், "எப்படி எக்கா இருக்கும்? சத்தம் ஏதாவது கேக்குமா?"

"கேக்கும். ஒனக்க சத்தம்தான்" என்றேன்.

முறைத்தாள். காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

வெயில். வடசேரியில் பஸ். ஷைனி முன்னால் உட்கார்ந்தாள், நான் மூன்று சீட்டு பின்னால்.

டாக்டர் இடத்தில் நல்ல கூட்டம். தெரிந்த முகம் உண்டா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை முகத்துக்குக் கொண்டுபோனது கை. ஷைனி பார்த்தாள். கீழே விட்டேன்.

அவள் உள்ளே போய் வெகுநேரம். வரும்போது கையில் காகிதம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எழுதித் தந்துட்டாரு. தாராளமா வேல செய்யலாமாம். கைநடுக்கமும் கெடையாது, மறதியும் கெடையாதுன்னு எழுதியிருக்காரு. திங்களாழ்ச்சை குடுக்கணும். சாவி தருவாவளோ என்னமோ." கண் நிறைந்திருந்தது. பிறகு, "போலாமா எக்கா?"

"இரி மக்களே."

எழுந்து சீட்டு போடும் பெண்ணிடம் போனேன். "கூட வந்தவங்களா?" என்று கேட்டாள். ஆமா என்றால் முடிந்தது. "இல்ல, எனக்குப் பாக்கணும்" என்றேன். சத்தம் வெளியே வரவில்லை போல. "என்னதும்மா?" என்றாள்.

உரக்கச் சொன்னேன். பெஞ்சில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பெயர் கேட்டாள். தங்கபாய் என்றேன்.