மருமகனின் காருக்குள் நின்ற காற்று

786

சாய்ந்தமருது

அன்பு மகன் முத்தலிபுக்கு உன் வாப்பா அபூசாலி ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் உன் உடம்பையும் துறைமுகத்து வேலையையும் அல்லாஹ் பத்திரமாக வைத்திருப்பான் என்று நம்பியிருக்கிறோம். இங்கே எங்கள் உடம்புகளுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை. அதற்கு மேல் நல்லது என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

எழுத்தைப் பார்த்து இது யார் கை என்று யோசிப்பாய். என் கைதான் மகன். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல மோதினார் எழுதியது. இப்போது பள்ளிக்கூடத்தில் மஃரிபுக்குப் பிறகு பெரியவர்களுக்கும் வகுப்பு நடக்கிறது, நானும் போய்ச் சிலேட்டோடு குந்தியிருக்கிறேன். கூட இருக்கிற கிழவர்கள் என்னைப் பார்த்து, அபூசாலி காக்கா கோட்டுக்கு வக்கீலாகப் போகப்போறாரு என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒரு வரி எழுதி முடிக்க வெகு நேரம் போகிறது, ஆனாலும் முடித்துவிட்டுத் திரும்ப வாசித்தால் நான் சொன்னது அப்படியே அங்கே இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. இப்படியொரு துக்கத்தை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கதியை இன்னொருவர் கையால் எழுதுவிக்க முடியாது. உன் தங்கை ஸம்ஸியாவை விட்டு மருமகன் ஜவுபர் மருதமுனைக்கு அவருடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஸம்ஸியா முழுகாமல் இருக்கிறாள் என்பதை முந்திய கடிதத்தில் எழுதுவித்திருந்தேன். பிள்ளை பிறக்கிறபோது அதன் வாப்பா வீட்டில் இருப்பாரா இல்லையா என்பதே இப்போது எங்களுக்குத் தெரியாது.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. மருமகன் வாடகைக்கு ஓட்டுகிற பச்சைக் கார்தான். அதன் முன்பக்கத்துத் தண்ணீர்ப் பெட்டி, றேடியேட்டர் என்கிறார்கள், ஒழுகத் தொடங்கிவிட்டது. மருமகன் அதைக் கழற்றிக்கொண்டுபோய்க் கல்முனையில் ஈயம் பற்றவைத்து, வீட்டு வளவில் வைத்துத் தானே திரும்பப் பூட்டினார். அன்று பின்னேரம் நம் ஊர் மாப்பிள்ளை ஒருவரை அக்கரைப்பற்றுக்குக் கலியாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த அவசரத்தில் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கடகடவென்று ஊற்றினார். பெட்டியின் கழுத்து மட்டும் தண்ணீர் வந்து நின்றது. நிரம்பிவிட்டது என்று மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த நேரம் உன் உம்மா பள்ளிவாசல் கிணற்றுக்குக் குடத்தோடு அந்தப் பக்கம் போயிருக்கிறாள். பார்த்தால், குபுக்கென்று ஒரு குமிழி வந்து தண்ணீர் கீழே இறங்கிப் போயிற்றாம். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறாள், இன்னொரு குமிழி, இன்னும் கொஞ்சம் இறக்கம்.

உன் உம்மா மருமகனோடு கதைக்கமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். கலியாணம் முடிந்த நாள் முதல் அவர் முன்வாசலால் வந்தால் இவள் பின்வாசலால் போய்விடுவாள். சோறு போட்டு மூடிவைப்பாள், கறி போதுமா என்று கேட்பதென்றால்கூட மகளைத்தான் அனுப்புவாள். நம் ஆட்களுக்குள் மாமியும் மருமகனும் அப்படி இருப்பதுதான் மரியாதை, நானும் என் மாமியோடு அவ மௌத்தாகும் வரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆகையால் உன் உம்மா உள்ளே போய், புள்ள, காருக்குள்ள தண்ணி இறங்கிக் கிடக்கு, அவருக்கிட்டச் செல்லு என்று மருமகனிடம் சொல்லும்படி ஸம்ஸியாவிடம் சொல்லியிருக்கிறாள். ஸம்ஸியா அவருடைய சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தவள், அவருக்குத் தெரியாத காரா உம்மா, நீங்க கிணத்துக்குப் போங்க என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தன் மாப்பிள்ளையைப் பற்றி அவ்வளவு பெருமை. மருமகன் குளித்துவிட்டு வந்து குனிந்து பார்க்காமலே மூடியைத் திருகிக்கொண்டு போனார்.

நிந்தவூர் தாண்டி வயல் வெளியில் கார் புகைந்தது. மாப்பிள்ளைக்காரர்கள், இன்னும் கொஞ்சத் தூரந்தானே தம்பி, ஓட்டுங்க என்று அவசரப்படுத்த, இவரும் ஓட்டியிருக்கிறார். பிறகு அது நின்றேவிட்டது. பதற்றத்தில் வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கொதிக்கிற என்ஜினுக்குள் அப்படியே ஊற்றினாராம். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார். தொப்பியும் பூமாலையுமாக அந்த மாப்பிள்ளை நெல்லு மூட்டை ஏற்றுகிற மாட்டுக்கரத்தையில் ஏறித் தன் கலியாணத்துக்குப் போனான். காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து நம் வளவில் விட்டார்கள். அதற்குப் பிறகு மருமகனுக்குக் கல்முனைச் சந்தியில் நிற்க முடியவில்லை, காரைத் தேத்தண்ணிக் கேத்தல் என்று பரிகாசம். ஜவுபர், கேத்தல் கொதிச்சிட்டா, எனக்கொரு பிளேன்டி என்று ஒருவன் கேட்டால், சீனி குறைய எண்டு செல்லுங்க என்று மற்றவன் சொல்வான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்.

அதையும் பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஸம்ஸியா மனம் பொறுக்காமல் ஒருநாள் அழுதுகொண்டு, உம்மா அண்டைக்கே பாத்துச் செல்லித்தான் இருந்தா, நான்தான் வந்து செல்லல்ல என்று அவரிடம் சொல்லிவிட்டாள். மருமகன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவினார். நான் சந்தியில வெக்கப்பட்டு நிக்கிறதை ஊட்டுக்குள்ள ரெண்டு பேர் முன்னயே பாத்திட்டீங்க என்று மட்டும் சொன்னார். கத்தவில்லை, அடிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு போனார், போனவர்தான். நம் பக்கத்தில் ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நான் மருதமுனைக்குப் போனேன். அவருடைய உம்மா சுபைறா எனக்குப் பாய் போட்டு வெற்றிலை வட்டா வைத்து, மகன் ஊட்டில இல்லையே என்றா. வாசலில் மருமகனின் செருப்பு கிடந்தது. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். பிறகு ஸலாஹுதீனைக் கண்டேன், மட்டக்களப்புக்கு லொறி ஓட்டுகிறவர், பரிகாசம் பண்ணாத மனிதர். அவர், உள்ளுக்குக் காத்து நிண்டிருக்கும் காக்கா, காத்து நிண்டா நீங்க ஊத்தின தண்ணி என்ஜினுக்குப் போகாது, காரின் மூக்கை உயத்தி வெச்சி, மூடியத் துறந்து என்ஜினை ஓடவிட்டு, மெள்ள மெள்ள ஊத்துங்க, காத்து குமிழி குமிழியா வரும், வந்து முடிஞ்சாக் குமிழி நிக்கும், நிண்டாக் கார் புழைச்சிரும் என்றார். நிக்காட்டி என்று கேட்டேன். நிக்காட்டி உள்ளுக்கு என்ஜின் வெடிச்சிட்டு எண்டுதான் அர்த்தம், பிறகு தண்ணி ஊத்திப் புண்ணியமில்ல என்றார்.

இதை உன் உம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தவள், கரத்தை ஒண்டு புடிங்க என்றாள். திரை கட்டிய கரத்தையில் பாண்டிருப்பு தாண்டி மருதமுனைக்குப் போனோம். உன் உம்மா அங்கே வளவில் நின்றுகொண்டு சுபைறாவிடம், உள்ளே கேட்கிற மாதிரி, காத்துத்தானாம் மச்சி, அது போனாச் சரியாம், அவர் கையால செஞ்சாத்தான் நடக்கும், வரச் செல்லுங்க என்றாள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். ஆனால் அடுத்த நாள் அஸருக்குப் பிறகு மருமகன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, நேரே காரடிக்குப் போனார்.

அந்தப் பின்னேரத்தை எப்படி எழுதுவேன் மகன். முன் சக்கரங்களுக்குக் கீழே தென்னங்குற்றியை வைத்து உயர்த்தினோம். நம் கிணற்றுத் தண்ணீர் உவர், சட்டியில் வெள்ளையாகப் படியும் என்று உன் உம்மா பள்ளிவாசல் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். செம்பால் ஊற்றியவளும் அவள்தான். முக்காட்டை மூக்கு மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கம் அவள், மறு பக்கம் மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டு அவர், நடுவில் நான். மாமா, கொஞ்சம் ஊத்தச் செல்லுங்க என்பார் அவர். ஊத்தட்டாம் என்பேன் நான். அவள் ஊற்றுவாள். மாமா, நிப்பாட்டச் செல்லுங்க. நிப்பாட்டட்டாம். அரைச் செம்புத் தண்ணீர் ஒரு கை தூரம் போக மூன்று பேர் வேண்டியிருந்தது. இன்னொரு நாளென்றால் சிரித்திருப்பேன். குமிழி வந்தது, தண்ணீர் இறங்கியது, ஊற்றினோம், திரும்ப வந்தது. ஒரு கட்டத்தில் குறைந்த மாதிரித் தெரிந்தது. மருமகனின் முகம் தெளிந்தது, நான் மனதுக்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன், கதவுக்குப் பின்னால் ஸம்ஸியாவின் நிழல் தெரிந்தது. இது நின்றுவிட்டால் அவர் இன்று இரவு இங்கேதான் சாப்பிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

என்ஜின் சூடேறியதும் குமிழி திரும்பவும் வந்தது. சின்னதாக, விடாமல், அரிசி உலை கொதிக்கிற மாதிரி. ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் ஊற்றியதை வெளியே துப்பியது. உன் உம்மா நிறுத்தவில்லை. குடம் கவிழ்ந்து அடித் தண்ணீரும் வந்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை. அப்போது மருமகன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, போதும் மாமி, இது இனி நிக்காது என்றார். இவ்வளவு காலத்தில் அவளோடு அவர் கதைத்த முதல் வார்த்தை அதுதான். என்ஜினை நிப்பாட்டிவிட்டு, அண்டைக்கு நீங்களே எனக்கிட்டச் செல்லியிருக்கலாமே மாமி என்றார். உன் உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து, எந்த வாயால மகன் என்றாள்.  

ஸம்ஸியா தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள், அவர் குடிக்கவில்லை. கல்லோயாப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் உழவு மெசின் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம், அங்கே போகப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வெளியே போனார். உன் உம்மா கையில் அந்தச் செம்போடேயே பின்னால் போனாள். பகல் வெளிச்சத்தில், நடு றோட்டில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க மருமகனோடு கதைத்துக்கொண்டு சந்தி மட்டும் நடந்தாள். என்ன கதைத்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து ஸம்ஸியாவிடம், புள்ள கிடைக்கிறத்துக்கு முன்ன வருவாரு என்றாள். அது அவர் சொன்னதா, இவள் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன் மகன். இரும்பைத் திருத்த ஆள் தேடலாம், மற்றதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. நீ அவருக்கு மச்சான், வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மருதமுனை வீட்டுக்கே ஒரு கடிதம் போடு. வேலையைக் கேள், கல்லோயாவில் இருக்க இடம் எப்படி என்று கேள், ஸம்ஸியாவின் சுகத்தை எழுது. காரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதிவிடாதே. உனக்குத் தெரியும் என்றும் காட்டாதே.

சளி பிடித்த நெஞ்சோடு கடற்காற்றில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன் உம்மாவும் தங்கையும் ஸலாம் சொல்கிறார்கள். அல்லாஹ் உன் கையில் பறக்கத்தையும் உன் நாவில் நல்ல சொல்லையும் தருவானாக, ஆமீன். உன் கடிதம் மருதமுனைக்குப் போகட்டும், எனக்குப் பிந்தி எழுதினாலும் சரி.

வஸ்ஸலாம்.

உனக்காகத் துஆச் செய்யும் வாப்பா,
மீ. அபூசாலி